காருக்காகக் கட்டிய ஊர், காலுக்காகக் கட்டிய ஊர்

கேள்வியின் சாரம் இது: ஹியூஸ்டன், ஃபீனிக்ஸ், அட்லாண்டா மாதிரி கார் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாத நகரங்களுக்கும், பாரிஸ், பார்சிலோனா, நியூயார்க் மாதிரி நெருக்கமான பழைய நகரங்களுக்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு? எது மேல்? கார் நகரத்தைப் பிற்பாடு மாற்ற முடியுமா? மின்சாரக் கார் வந்துவிட்டால் இந்தப் பேச்சே தேவையில்லைதானே?

நான்கு கேள்விகள். முதலாவதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப்போகிறேன். அது விளங்கிவிட்டால் மற்றவை பாதி தானாகவே விளங்கிவிடும்.

முதலில் பரப்பளவைப் பாருங்கள். பாரிஸ் மாநகர எல்லைக்குள் ஏறத்தாழ 21 லட்சம் பேர் இருக்கிறார்கள், பரப்பு 105 சதுர கிலோமீட்டர். ஹியூஸ்டன் மாநகர எல்லைக்குள் ஏறத்தாழ 23 லட்சம் பேர், பரப்பு 1,650 சதுர கிலோமீட்டருக்கு மேல். கிட்டத்தட்ட அதே ஜனத்தொகை, நிலம் மட்டும் பதினாறு மடங்கு. இதைவிடப் பிரபலமான ஒப்பீடு அலான் பெர்ட்டோ என்ற நகரமைப்பு வல்லுநர் செய்தது. 1990 கணக்கில் அட்லாண்டாவில் 25 லட்சம் பேர், பார்சிலோனாவில் 28 லட்சம் பேர். கட்டடங்கள் பரவியிருந்த நிலம் அட்லாண்டாவில் 4,280 சதுர கிலோமீட்டர், பார்சிலோனாவில் 162. அப்போது பார்சிலோனாவின் மெட்ரோ 99 கிலோமீட்டர், 136 நிலையங்கள். ஜனத்தொகையில் 60 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு நிலையம் 600 மீட்டருக்குள் இருந்தது. அதே வசதியை அட்லாண்டாவில் கொடுக்க வேண்டுமென்றால் 3,400 கிலோமீட்டர் பாதையும் 2,800 நிலையங்களும் வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். உலகில் எந்த நகரத்துக்கும் அவ்வளவு பெரிய மெட்ரோ கிடையாது. "அவர்களும் ஒரு நல்ல மெட்ரோ கட்டிக்கொண்டால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். பணம் இருந்தாலும் தூரம் விடாது.

அந்தத் தூரம் எப்படி வந்தது? இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994-இல் எழுதிய ஒரு கட்டுரையில் மனிதர்கள் எந்தக் காலத்திலும் போக்குவரத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள் என்கிறார். போக அரை மணி, வர அரை மணி. நடந்தால் அரை மணியில் இரண்டரை கிலோமீட்டர், ஆகவே நடந்தே வாழ்ந்த காலத்து நகரங்கள் பெரும்பாலும் ஐந்து கிலோமீட்டர் குறுக்களவுக்குள் அடங்கிவிட்டன. டிராமும் ரயிலும் வந்ததும் நகரம் தண்டவாளத்தை ஒட்டி விரல்கள் மாதிரி நீண்டது, விரலுக்கும் விரலுக்கும் இடையில் வயலும் காடுமாகவே கிடந்தது, ஏனென்றால் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தைத் தாண்டி வீடு கட்டினால் வாங்க ஆள் இல்லை. கார் வந்த பிறகு அந்த இடைவெளிகளும் நிரம்பின. எந்த மூலைக்கும் எந்த மூலையிலிருந்தும் போகலாம் என்றானபோது எந்த இடமும் மற்ற இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. ஃபீனிக்ஸில் 1950-இல் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர்தான். 2020-இல் 16 லட்சம். அது வளர்ந்த காலம் முழுக்கக் காரின் காலம், அதனால் காரின் வடிவமே ஊரின் வடிவம்.

ஆனால் இங்கே ஒரு தப்பான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. "பழைய ஊர் என்றால் நெருக்கம், புது ஊர் என்றால் கார்" என்பது உண்மையில்லை. கார் நகரத்துக்கு உதாரணமாக எல்லோரும் சொல்லும் லாஸ் ஏஞ்சலஸ் டிராம் வளர்த்த ஊர். பசிஃபிக் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சிவப்பு டிராம்கள் ஒரு காலத்தில் அங்கே 1,600 கிலோமீட்டருக்கும் அதிகமான தண்டவாளத்தில் ஓடின; கடைசிப் பாதை 1961-இல்தான் நின்றது. ஹியூஸ்டனிலும் 1940 வரை டிராம் இருந்தது. (கார் கம்பெனிகள் சதி செய்து டிராமை ஒழித்தன என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். பஸ், டயர், எண்ணெய் விற்பனையை வளைத்துப்போடச் சதி செய்ததாக ஜெனரல் மோட்டார்ஸ் உள்ளிட்ட கம்பெனிகள் 1949-இல் தண்டிக்கப்பட்டது நிஜம். ஆனால் அதற்குள் டிராம் கம்பெனிகள் பல ஏற்கெனவே கடனில் மூழ்கிக்கொண்டிருந்தன என்பதும் நிஜம். சதி இல்லாத ஊர்களிலும் டிராம் போயிற்று.) டெட்ராய்டும் பழைய நகரம்தான். 1950-இல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனம் 2020-இல் 6 லட்சத்து 40 ஆயிரம். அதன் மையத்தில் பல தெருக்களை இடித்து வண்டி நிறுத்தும் காலி மனைகளாக்கினார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஸ்டாக்ஹோமுக்கு வெளியே வெல்லிங்பி 1954-இல் திறக்கப்பட்ட புத்தம் புது ஊர், மெட்ரோ நிலையத்தைச் சுற்றியே கட்டியது. வியன்னாவின் ஆஸ்பெர்ன் இன்னும் புதியது; 2013-இல் மெட்ரோ ரயில் அங்கே போய் நின்றபோது சுற்றிலும் பெரும்பாலும் காலி நிலம், குடிவந்தவர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். ரயில் முதலில், ஆள் அப்புறம். ஆகவே ஊரின் வயதைவிட, அது வளர்ந்த நேரத்தில் எது முதலில் வந்தது, சட்டம் எதைக் கட்டாயமாக்கியது என்பதுதான் முக்கியம் என்பேன்.

அமெரிக்காவில் கார் நகரம் மக்களின் ஆசையால் மட்டும் வந்ததாகப் பேசுகிறவர்கள் இந்தச் சட்டப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். குடியிருப்பையும் கடையையும் தொழிற்கூடத்தையும் தனித்தனி மண்டலமாகப் பிரிக்கலாம், தனி வீடுகள் இருக்கும் இடத்தில் அடுக்குமாடியைத் தடுக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1926-இல் யூக்ளிட் வழக்கில் ஏற்றுக்கொண்டது. 1934-இல் வீட்டுக்கடனுக்கு அரசு உத்தரவாதம் வந்தது. அந்த உத்தரவாதம் பெரும்பாலும் புறநகரின் புதுத் தனி வீடுகளுக்கே போயிற்று. நகரத்துக்குள் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு மறுக்கப்பட்டது. 1956-இல் நெடுஞ்சாலைச் சட்டம்: 41,000 மைல் விரைவுச்சாலை, செலவில் 90 சதவீதம் மத்திய அரசு தரும். ரயிலுக்கு அப்படி எதுவும் இல்லை. பத்தில் ஒன்பது பங்கை வேறொருவர் கொடுக்கிறார் என்றால் எந்த மாநிலம் சாலை வேண்டாம் என்று சொல்லும்?

இவ்வளவையும்விட வலுவானது, ஆனால் யாரும் கவனிக்காதது, பார்க்கிங் விதி. ஒரு காரை நிறுத்த, அது திரும்பி உள்ளே வரும் வழியையும் சேர்த்து, சுமார் 30 சதுர மீட்டர் வேண்டும். பல அமெரிக்க ஊர்களில் அலுவலகக் கட்டடத்தில் 300 சதுர அடிக்கு ஒரு கார் இடம் கட்டாயம் என்று விதி வைத்திருந்தார்கள். 300 சதுர அடி என்பது 28 சதுர மீட்டர். அதாவது கட்டடம் எவ்வளவோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தார் போட்ட வெற்றிடம். உணவகத்துக்கு இந்த விதி இன்னும் கடுமை. சாப்பிடும் இடத்தைப் போல மூன்று மடங்கு வண்டி நிறுத்தும் இடம் கேட்ட ஊர்கள் உண்டு. இப்போது யோசியுங்கள். ஒவ்வொரு கட்டடத்தையும் சுற்றி அதைவிடப் பெரிய தார்வெளி இருந்தால், இரண்டு கட்டடத்துக்கு நடுவே நடக்கிற தூரம் இரட்டிப்பாகிறது, நிழல் இல்லை, பார்க்க ஒன்றும் இல்லை, ஆகவே அடுத்த கடைக்குக்கூட ஆட்கள் காரில் போகிறார்கள், "பார்த்தீர்களா, எல்லோரும் காரில்தான் வருகிறார்கள், இன்னும் இடம் வேண்டும்" என்று விதி மறுபடி இறுகுகிறது. பேராசிரியர் டொனால்ட் ஷூப் வாழ்நாள் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இலவச பார்க்கிங் என்று ஒன்று கிடையாது. அதன் விலை வாடகையிலும் சாப்பாட்டு பில்லிலும் ஒளிந்திருக்கிறது, கார் இல்லாதவரும் கட்டுகிறார்.

ஹியூஸ்டனில் மண்டலச் சட்டமே கிடையாது, அங்கே சுதந்திரச் சந்தை விரும்பியதுதான் நடந்தது என்று ஒரு வாதம் வரும். மண்டலச் சட்டம் இல்லைதான். ஆனால் குறைந்தபட்ச பார்க்கிங் விதி இருந்தது, மனை இந்த அளவுக்குக் குறையக் கூடாது என்ற விதி இருந்தது, வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிய கட்டுப்பாடுகள் இருந்தன. 1998-இல் உள்வட்டச் சாலைக்குள் மனையின் குறைந்தபட்ச அளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 வரை இறக்க அனுமதித்தார்கள். உடனே ஒரு வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிகொண்ட மூன்று நான்கு ஒட்டு வீடுகள் முளைத்தன, அதுவும் ஆயிரக்கணக்கில். நெருக்கமாக வாழ விரும்பியவர்கள் அந்த ஊரிலும் இருந்திருக்கிறார்கள், அதற்கு அதுவரை அனுமதிதான் இல்லை.

அடுத்தது தெருவலை. பார்சிலோனாவின் விரிவாக்கப் பகுதியை 1859-இல் இல்டெஃபோன்ஸ் செர்தா வரைந்தார். ஒவ்வொரு கட்டமும் 113 மீட்டர், தெரு 20 மீட்டர் அகலம். ஒன்றரை நிமிஷம் நடந்தால் ஒரு முனை வந்துவிடும், எந்தத் திசையிலும் திரும்பலாம். காருக்காகக் கட்டிய புறநகரில் வளைந்து வளைந்து போய் முட்டுச்சந்தில் முடியும் தெருக்கள். கொல்லைப்புற வேலியைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வீடுகளுக்கு இடையே சாலை வழியாகப் போனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகிற இடங்கள் இருக்கின்றன. தெருவில் அந்நிய வண்டி வராமல் அமைதியாக இருக்கும், அது பிடித்துத்தான் வாங்குகிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பகுதியின் எல்லா வண்டிகளும் ஒரே பெருஞ்சாலைக்குத்தான் வந்து சேர வேண்டும். அந்தப் பெருஞ்சாலையை ஒரு குழந்தையோ முதியவரோ நடந்து கடக்க முடியாது. பஸ்ஸும் உள்ளே போக முடியாது.

பெருஞ்சாலை அடைத்துக்கொண்டால் அகலப்படுத்துவார்கள். ஹியூஸ்டனின் கேட்டி விரைவுச்சாலையைச் சுமார் 280 கோடி டாலர் செலவில் 2008-இல் விரிவாக்கி முடித்தார்கள், பக்கச்சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். 2011-க்கும் 2014-க்கும் இடையே அதே சாலையில் மாலைப் பயண நேரம் 50 சதவீதத்துக்கு மேல் கூடியது. காரணம் ஒன்றும் மாயமில்லை: சாலை காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும் நேரத்தை மாற்றிப் போனவர்கள் திரும்பி வருகிறார்கள், வேறு வழியில் போனவர்கள் வருகிறார்கள், இன்னும் பத்து மைல் தள்ளி வீடு வாங்கலாம் என்று புதிதாகச் சிலர் முடிவு செய்கிறார்கள். டுரன்டன், டர்னர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க நகரங்களில் விரைவுச்சாலை எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடுகிறது என்று காட்டினார்கள். விரைவுச்சாலையின் ஒரு தடத்தில் மணிக்கு 2,000 வண்டிகள் போவதே அதிகம், அவற்றில் பெரும்பாலும் ஒற்றை ஆள். அதே அளவு அகலத்தில் ஓடும் ஒரு நல்ல மெட்ரோ பாதை ஒரு திசையில் மணிக்கு 30,000 பேரைக் கொண்டுபோகும். கார் மோசமான இயந்திரம் இல்லை, நகரத்துக்குள் அதற்கு இடம் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

அடர்த்தியைப் பற்றி ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் படித்தவர்களே சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, புறநகர்களையும் சேர்த்த சராசரி அடர்த்தியில் லாஸ் ஏஞ்சலஸ் நியூயார்க்கைவிட அதிகம்! நம்ப முடியாது, ஆனால் அப்படித்தான். நியூயார்க்கின் புறநகர் மிகவும் தளர்ந்தது, நடுப்பகுதி மிகவும் இறுகியது. லாஸ் ஏஞ்சலஸ் எங்கும் ஒரே சீராகப் பரப்பிய மாவு மாதிரி. ரயிலுக்கும் நடைக்கும் தேவை சராசரி அல்ல, குவியல். உயரமும் அடர்த்தியும் ஒன்றல்ல என்பது இன்னொன்று. பாரிஸில் பெரும்பாலான கட்டடங்கள் ஆறு ஏழு மாடிதான். டோக்கியோவில் ரயில் நிலையத்தை விட்டு நாலு தெரு தள்ளிப் போனால் இரண்டு மூன்று மாடி வீடுகள்தான், தெரு ஒரு கார் போகிற அகலம்தான். அங்கே 1962-இலிருந்து, வண்டி வைக்கத் தெருவுக்கு வெளியே சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருக்கிறது என்று சான்று காட்டினால்தான் காரைப் பதிய முடியும். இடத்தைத் தேடும் பொறுப்பு கடைக்காரரிடம் இல்லை, கார் வாங்குபவரிடம். மறுபக்கம் பிரேசிலியாவைப் பாருங்கள். 1960-இல் தலைநகரானது, அடுக்குமாடிகள் நிறைய, மரங்கள் நிறைய, விமானத்திலிருந்து பார்க்க அழகு. கீழே இறங்கினால் வீடு ஒரு பக்கம், அலுவலகம் ஒரு பக்கம், வங்கி ஒரு பக்கம், நடுவே விரைவுச்சாலை. மாடி வீடு கட்டினால் மட்டும் காரைவிட்டு வந்துவிட முடியாது.

சரி, எது மேல்?

கார் நகரத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். அமெரிக்காவில் வேலைக்குப் போகச் சராசரியாக 27 நிமிஷம் ஆகிறது, பெருநகரங்களில் அதிக நேரம் ஆவது நியூயார்க் வட்டாரத்தில், சுமார் 36 நிமிஷம். கார் நகரத்தில் வாழ்கிறவர் "நான் சீக்கிரம் போய்விடுகிறேனே" என்று சொன்னால் அது பொய்யில்லை. அங்கே நடுத்தர வருமானக் குடும்பம் தோட்டத்தோடு தனி வீடு வாங்க முடிகிறது. லட்சக்கணக்கானோர் நியூயார்க்கையும் கலிஃபோர்னியாவையும் விட்டு டெக்சஸ் பக்கம் போவதற்கு முக்கியக் காரணம் வீட்டு விலை. டெக்சஸில் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் கார் அல்ல, அங்கே கட்ட விடுகிறார்கள் என்பது. பழைய நெருக்கமான நகரங்கள் கட்டுவதை நிறுத்திக்கொண்டன. மன்ஹாட்டனில் இன்று நிற்கும் கட்டடங்களில் சுமார் 40 சதவீதத்தை இன்றைய விதிப்படி மறுபடி கட்ட முடியாது என்று 2016-இல் ஒரு கணக்கு வந்தது. எல்லோரும் ரசிக்கும் தெருவை யாரும் இன்னொரு முறை போடக் கூடாது என்று சட்டம் எழுதி வைத்துக்கொண்டு, ஏன் விலை ஏறுகிறது என்று கேட்டால் என்ன சொல்வது?

ஆனால் என் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டால், காரோட்ட முடியாதவரை வைத்துத்தான் எடை போடுவேன். குழந்தைகளையும் சேர்த்தால் அமெரிக்க மக்களில் பத்தில் மூன்று பேரிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை. பதினைந்து வயதுப் பையன், பார்வை மங்கிய பாட்டி, வலிப்பு நோயால் ஓட்டக் கூடாதவர், கார் வாங்க வழியில்லாதவர். நியூயார்க் நகரத்தில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் கார் இல்லை, அவர்கள் பாட்டுக்கு வேலைக்கும் பள்ளிக்கும் போகிறார்கள். ஃபீனிக்ஸில் உரிமத்தை ஒப்படைக்கிற நாளில் ஒரு முதியவர் வாழ்க்கையின் பாதியையும் ஒப்படைத்துவிடுகிறார். சாவுக் கணக்கும் இருக்கிறது: 2021-இல் அமெரிக்கச் சாலைகளில் ஏறத்தாழ 43,000 பேர் இறந்தார்கள், லட்சத்துக்குச் சுமார் 13. ஜப்பானில் அதே ஆண்டு லட்சத்துக்கு 3-க்கும் குறைவு. ஜப்பானியர்கள் அவ்வளவு நல்ல ஓட்டுநர்கள் என்று இதற்குப் பொருளில்லை. அவர்கள் குறைவாக ஓட்டுகிறார்கள், மெதுவாக ஓட்டுகிறார்கள். குழாய், சாக்கடை, மின்கம்பி பற்றி நீட்டப்போவதில்லை. வீட்டு முகப்பு அகலமாக ஆக, வீட்டுக்கு இத்தனை மீட்டர் குழாய் என்பது கூடும், அதைப் பராமரிக்கும் வரிப்பணமும் கூடும்.

மாற்ற முடியுமா என்றால், எது எப்படிப்பட்ட ஊர் என்பதைப் பொறுத்தது. காருக்காகக் கெடுத்த பழைய ஊரை மீட்பது ஒப்பீட்டளவில் சுலபம். ஆம்ஸ்டர்டாம் பிறந்ததிலிருந்தே சைக்கிள் ஊர் என்று நினைக்கிறோம். 1971-இல் நெதர்லாந்துச் சாலைகளில் 3,300 பேர் இறந்தார்கள், அதில் 400-க்கு மேல் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று பெற்றோர் தெருவில் இறங்கிய பிறகுதான் கொள்கை திரும்பியது. சியோலில் 2003-இல் ஒரு மேம்பாலச் சாலையை இடித்து, அதற்கடியில் புதைந்திருந்த செயோங்கியேசோன் ஓடையை 2005-இல் திறந்தார்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் பழைய எலும்புக்கூடு பத்திரமாக இருந்தது, சதையை மட்டும் மாற்றினார்கள்.

எலும்பே கார் எலும்பாக இருக்கும் ஊரில் கஷ்டம். 1666 தீயில் லண்டனின் மையம் சாம்பலான பிறகும், அருமையான புது வரைபடங்கள் கையில் இருந்தும், பெரும்பாலும் பழைய தெருக்களின் மேலேயே திரும்பக் கட்டினார்கள். மனைச் சொந்தக்காரர்கள் விடவில்லை. முட்டுச்சந்துகளும் அப்படித்தான், நூறாண்டு இருக்கும். ஆகவே முழு நகரத்தையும் மாற்றுவேன் என்று கிளம்புகிறவரை நம்பாதீர்கள். புள்ளி புள்ளியாகத்தான் முடியும். வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில் ஆர்லிங்டன் என்ற புறநகர் நல்ல உதாரணம். மெட்ரோவை விரைவுச்சாலையின் நடுவில் போட்டால் செலவு மிச்சம் என்ற நிலையில், வேண்டாம், மங்கிப்போன எங்கள் பழைய கடைவீதிக்கு அடியில் போடுங்கள் என்று அந்தக் கவுன்டி (மாவட்டம் மாதிரி) நிர்வாகம் வாதாடி வாங்கியது. 1979-இல் ஆர்லிங்டனின் பால்ஸ்டன் பகுதி வரை ரயில் வந்தது. நிலையத்தை ஒட்டி உயரமாகக் கட்டலாம், சில நூறு மீட்டர் தள்ளிப் போகப் போக உயரம் குறைய வேண்டும், அதற்கப்பால் தனி வீடுகளைத் தொட மாட்டோம் என்று ஒப்பந்தம் மாதிரி ஒரு விதி. வரிசையாக ஐந்து நிலையங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி நடந்து வாழக்கூடிய ஒரு சின்ன ஊர். மற்ற இடமெல்லாம் அதே பழைய புறநகர். ரயில் கட்டப் பணமில்லாத ஊரும் பார்க்கிங் கட்டாயத்தை எடுத்துவிடலாம், அதற்கு ஒரு காசு செலவில்லை. பஃபலோ என்ற அமெரிக்க நகரம் 2017-இல் ஊர் முழுக்க எடுத்தது. பார்க்கிங் கட்டக் கூடாது என்பதல்ல, கட்டியே தீர வேண்டும் என்பது போயிற்று. அப்புறம் முட்டுச்சந்தின் முனையில் வேலியைக் கொஞ்சம் திறந்து நடைவழி விடலாம். இருபது நிமிஷ நடை மூன்று நிமிஷமாகும்.

கடைசியாக மின்சாரக் கார். புகை போகும், இரைச்சல் கொஞ்சம் குறையும், அதுவரை நல்லது. நிற்க அதற்கும் அதே 30 சதுர மீட்டர் வேண்டும், தடத்தில் அதே 2,000 வண்டிகள்தான் போகும், எடை கூடுதல் என்பதால் மோதினால் அடி இன்னும் பலமாகத்தான் விழும். தானே ஓடும் கார் வந்தால் பார்க்கிங் தேவைப்படாதே என்கிறார்கள். நிறுத்துமிடம் மிச்சமாகலாம். ஆனால் காலையில் உங்களை அலுவலகத்தில் இறக்கிவிட்டு வண்டி வெறுமனே வீட்டுக்குத் திரும்பி, மாலையில் மறுபடி உங்களை அழைக்க வந்தால், இதுவரை நாளுக்கு இரண்டு முறை ஓடிய சாலையில் அது நான்கு முறை ஓடும், அதில் இரண்டு முறை உள்ளே ஆளே இருக்காது.